உள்தாழ் வீடு

கதவு அதேதான். அதில் பிச்சைமுத்துவுக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. நாவலின் முதல் அத்தியாயத்தில், வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க வந்த அய்யாவு உச்சிவெயிலில் இதே படியில் நின்று இதே கதவைத்தான் அண்ணாந்து பார்த்தான். இதைச் செய்த ஆசாரி மனுசன் நுழைவதற்காகச் செய்யவில்லை, யானை நுழைவதற்காகச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே ஒரு காலை வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்தான். வைத்த கால் ஜில்லிட்டது. வெளியே தீயாக எரிகிற வெயில், உள்ளே வைத்த கால் மட்டும் ஜில்லென்று. அந்த வரியில்தான் இளவட்டப் பிச்சைமுத்து, திருமயத்தில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தபடி, முதல் தடவையாகப் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே ஒன்றுமில்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண், ஒரு நாய், டீ குடிக்கப் போன டிரைவர். பட்டப்பகலில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பயமுறுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. மற்றப் பேய்க்கதைகளுக்கு அமாவாசை வேண்டும், ஆந்தை வேண்டும், விளக்கு அணைய வேண்டும். 'உள்தாழ்' நாவலுக்கு ஒன்றும் வேண்டாம். அதில் எல்லாமே மத்தியானத்தில், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் நடக்கும். இப்போதும் அதே நேரம்தான். அதற்கென்றே பார்த்துத்தான் பஸ் ஏறி வந்திருந்தார். அவன் அவராகி, தலை நரைத்து, ரிட்டையர் ஆகி, பேரன் எடுத்தாயிற்று. வலது காலைத் தூக்கி வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்தார். ஜில்லிட்டது. "ஆத்தாடி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். "என்னங்க, முள்ளு கிள்ளு குத்திருச்சா?" என்றாள், பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த செங்கமலம். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதினவர் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் காகிதத்தில் இருந்த ஜில்லிப்பு இங்கே கல்லில் அப்படியே இருந்தது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

செங்கமலத்துக்கு இந்த வீட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். தன் புருஷனுக்கு உயிரான பேய்க்கதை இந்தச் செட்டிநாட்டு வீட்டை வைத்து எழுதப்பட்டது. எழுதினவரே வயசான காலத்தில் ஒரு வாரப்பத்திரிகையில் அதை ஒப்புக்கொண்டார். படித்தவர்கள் இன்றைக்கும் ஒருத்தர் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று சொல்லித்தான் அவர் அவளைக் கூட்டிவந்தார். அவர் வந்த காரியம் வேறு. போன மாதம் மூளை டாக்டர் அவரிடம் மூன்று சொல் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். குடை. மாம்பழம். அதோடு சரி. மூன்றாவது வரவில்லை. ஒரு பஸ் நிறைய ஆள் ஏறினாலும் எவன் நமணசமுத்திரத்தில் ஏறினான், எவன் கோட்டையூரில் இறங்க வேண்டியவன், எவன் டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற பாவனையில் இருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிற கண்டக்டருக்கு, ஒரு குடைக்கும் மாம்பழத்துக்கும் அடுத்தது வரவில்லை. மறதி நோய்க்கு ஆரம்பம் மாதிரி இருக்கிறது, அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். வீட்டம்மாவிடம் இவர், தலைச்சுற்றல், சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் பூசணிக்காய் சின்னதுதான் என்று அவருக்கு ஒரு நப்பாசை. குடையும் மாம்பழமும் ஒரு பரீட்சையா? எனக்கும் அதற்கும் என்ன சொந்தம்? என் மூளையைப் பார்க்க வேண்டுமானால் 'உள்தாழ்' நாவலைக் கேள். இத்தனை தடவை படித்து, டிப்போவில் இத்தனை பேருக்குச் சொல்லி, வரிக்கு வரி உள்ளே ஏறிக் கிடக்கிற கதை. இந்த வீட்டில் வாசலிலிருந்து கடைசி அறை வரைக்கும் நடந்துகொண்டே, முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரைக்கும் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டால் டாக்டர் தப்பு. சொல்ல முடியாவிட்டால் அடுத்த தடவை செங்கமலத்தைக் கூட்டிக்கொண்டு போவது. இதுதான் அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பந்தயம். புத்தகம் கையில் இல்லை. ஒரு டிரைவர் வாங்கிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. அதுவும் நல்லதுதான், காப்பி அடிக்க முடியாது.

"வாங்க, வாங்க. நாவலு படிச்சிட்டு வந்தியளா, சினிமாவுக்கு எடம் பாக்க வந்தியளா?" வீட்டைப் பார்த்துக்கொள்கிற வள்ளிக்கண்ணு, இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்தும் காதில் செல்போனுமாக வந்தாள். நாவல் என்று இவர் சொன்னதும் போனில் இருந்தவரிடம் "நாவல்காரவுக, பெறகு பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். "தூணத் தொட்டுக்கிருங்க, கண்ணாடியத் தொடாதிய. செட்டியாருமாருக எல்லாம் மெட்ராசு, மலேசியான்னு இருக்காக, விசேசத்துக்குத்தான் வருவாக." செங்கமலத்துக்கு உடனே பேச்சுத்துணை கிடைத்துவிட்டது, முழங்கால் வலியிலிருந்து கண்டாங்கிச் சேலை விலை வரைக்கும் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். பிச்சைமுத்து முகப்பில் தனியாக நின்றார். தூண்கள். அத்தியாயம் இரண்டு. 'பர்மாக் காட்டில் நின்றபோது இருந்த கர்வம் அந்தத் தேக்குகளுக்கு இன்னும் குறையவில்லை.' வந்துவிட்டது, முழுசாக, ஒரு சொல் குறையாமல். ஒரு தூணைக் கட்டிப் பார்த்தார்; இரண்டு கையும் சேரவில்லை. அய்யாவும் கட்டிப் பார்த்தான், அவனுக்கும் சேரவில்லை, ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு கை வந்து அவன் விரல் நுனியைத் தொட்டது. பிச்சைமுத்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகு சிரிப்பு வந்தது. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே வெளிச்சத்துக்குக் குறைச்சலே இல்லை, மிரட்சிக்கும் குறைச்சல் இல்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், கன்னத்தை வைத்தால் வழுக்கும் போலிருந்தது. எத்தனை கோழி, எத்தனை கை, எத்தனை வெயில். ஒரு மனுசன் தான் பிறந்த ஊரில் தன் பேர் நிற்கவேண்டும் என்று நினைத்தால் இவ்வளவு பெரிதாகவா நினைப்பான்? நினைத்திருக்கிறானே. நாவலில் படித்தபோது வீடு இதில் பாதிதான் இருந்தது. எழுதினவர் நம்பமாட்டார்கள் என்று பயந்து குறைத்து எழுதியிருக்கிறார் என்று அவருக்கு இப்போது தோன்றியது.

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் திறந்து கிடந்தது, வெயில் சதுரமாக விழுந்து தரையில் பாய் விரித்திருந்தது, சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரம் நெடுக அறைகள், அறைக்கு அறை ஒரு பூட்டு. கதையின் உயிரே இந்தப் பூட்டுகள்தான். கல்யாணமான ஒவ்வொரு ஆண்மகனும் இங்கே ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை. அந்த அறையின் சாவி அந்தப் புள்ளியிடம்தான். அய்யாவு கணக்கெடுக்க வரும்போது ஒவ்வொருத்தராகத் தன் சாவியோடு வந்து திறந்து காட்டுகிறார்கள். கடைசிப் புள்ளியின் சாவி கப்பலில் வருகிறது. வந்த சாவிக்குப் பூட்டுத் திறக்கிறது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருக்கிறது. வெளியே பூட்டு, உள்ளே தாழ். இந்த இடத்தைச் சொல்லும்போது பிச்சைமுத்து டிப்போவில் குரலைத் தாழ்த்துவார், டீக்கிளாஸ்கள் அப்படியே நிற்கும். கல்யாணமான புதிதில் செங்கமலத்திடம் சொன்னபோதும் இந்த இடத்தில்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஊரில் நாலு பேரை வாயாலேயே ஓட ஓட விரட்டுகிறவளுக்கு, பேய் என்றால் ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காது. "அப்பறம்?" என்றாள். அப்புறம் ஒவ்வொரு அத்தியாயமாகப் பல நாள் சொன்னார். கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "வேணாம், சொல்லாதீங்க, பொறவு நான் எப்படித் தனியாப் பொழங்குறது?" மறுநாளும் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சண்டை வந்தால் அவர் 'கடைசி அத்தியாயத்தைச் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டுவார், அவள் கை காதுக்குப் போய்விடும். சண்டையும் முடிந்துவிடும். பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு அந்த முடிவு தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அவர் மேலே நடந்தார்.

மூன்று, நான்கு, ஐந்தாம் அத்தியாயங்கள் தடங்கலில்லாமல் வந்தன. வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகிற நடையில் அய்யாவு பார்க்கிற ஈரக்கால் தடம். ஆத்தங்குடிக் கல்லில் பதிந்து, அவன் பார்க்கப் பார்க்கக் காய்வது. காய்ந்த பிறகும் அடுத்த தடம் விழுவது. பிச்சைமுத்து கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். கல்லில் பூ போட்டிருந்தது, சிவப்பும் பச்சையுமாக, யார் காலும் இல்லை, தன் கால் மட்டும். அதற்கடுத்து அய்யாவு போய்ப் பேச்சுக் கொடுப்பானே, சமையல்கட்டில் இருக்கிற ஒரு கிழவர், அவர் பேர் என்ன? தடுக்கியது. பேர் இல்லாமல் போனால் என்ன, ஆள் வந்தால் போதும். ஆள் வந்தார், மொட்டைத்தலை, கையில் அகப்பை. பேர் வரவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், விடு. விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகப் பார்த்தால் மனசு போகவில்லை, கம்பளித்துணி முள்ளில் மாட்டின மாதிரி அந்தப் பேரிலேயே நின்றது. சரி, கொஞ்சம் பலம் ஏற்றிக்கொள்வோம் என்று தன் பழைய ரூட்டைச் சொல்லிப் பார்த்தார். புதுக்கோட்டை, நமணசமுத்திரம், திருமயம். திருமயத்துக்கு அடுத்து? திருமயத்துக்கு அடுத்து கோட்டை. கோட்டை திருமயத்தில்தானே இருக்கிறது. திருமயத்துக்கு அடுத்து... விசில் ஊதுகிற கை தெரிகிறது, கூடையோடு இறங்குகிற பெண்கள் தெரிகிறார்கள், ஆலமரம் தெரிகிறது, மரத்தடியில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயர்ப் பலகையில் மட்டும் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். வியர்த்தது. பேய்க்கதைக்கு வராத வியர்வை. முன்னால் நடந்துகொண்டிருந்த செங்கமலம் திரும்பிப் பார்த்து, "என்ன நின்னுட்டீங்க, தண்ணி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் கொஞ்ச நேரம் கூடுதலாகவே அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் கட்டின் கோடியில் அந்தக் கதவு இருந்தது. மற்ற அறைகளின் கதவுகளைவிடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. நிலைக்கு மேலே இரண்டு கிளியும் நடுவில் ஒரு லட்சுமியும், கொண்டியில் கையகல இரும்புப் பூட்டு. நாவலில் இருந்த கிளி இதே கிளி, ஒன்றுக்கு அலகு உடைந்திருக்கும், இதோ உடைந்திருக்கிறது. பிச்சைமுத்துவுக்கு மேல் மூச்சு வாங்கியது. உலகத்தில் எத்தனையோ பேர் காசிக்குப் போகிறார்கள், ராமேசுவரம் போகிறார்கள். எனக்கு வாய்த்த மூலஸ்தானம் இது என்று நினைத்தார், நினைத்துச் செருப்பில்லாத காலை இன்னும் ஒரு தடவை தரையில் தேய்த்துக்கொண்டார். ஒரு மனுசன் எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து மை தொட்டு எழுதினான். எழுதினதைப் படித்து ஒரு கண்டக்டர் ஒரு வாழ்நாள் முழுக்கப் பயந்தான். அந்தப் பயம் இவ்வளவு பெரிய மரமாகவும் இரும்பாகவும் எதிரே நிற்கிறது. ஆச்சரியத்தில் மறதிகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. சரி, கடைசி அத்தியாயம். ஊரே சாப்பிட்டுப் படுத்துவிட்டது. அய்யாவு தனியாக வருகிறான். பூட்டு ஏற்கெனவே எடுத்தாயிற்று. கதவில் காதை வைக்கிறான். உள்ளே மூச்சுச் சத்தம். அப்புறம் ஒரு குரல், பயமுறுத்துகிற குரல் இல்லை, வீட்டில் கேட்கிற குரல், அக்கறையான குரல், "அய்யாவு, சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறது. உள்தாழ் விலகுகிறது. கதவு திறக்கிறது. உள்ளே இருந்து வெளியே வருவது.

வெளியே வருவது யார்? பிச்சைமுத்து மறுபடியும் ஊர் படுத்துவிட்டதிலிருந்து ஆரம்பித்தார். காதை வைக்கிறான், மூச்சு, குரல், தாழ், கதவு. கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இருட்டுக்கூட இல்லை, இருட்டாக இருந்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்றாவது தெரியும். சுண்ணாம்பு அடித்த பலகை. பரவாயில்லை, பரவாயில்லை, அறையைக் கண்ணால் பார்த்துவிட்டால் வந்துவிடும், கிளியைப் பார்த்ததும் அலகு வரவில்லையா? "இத ஒரு நிமிசம் தொறந்து காட்டும்மா" என்றார், குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. வள்ளிக்கண்ணு இடுப்புக் கொத்தைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள். "இதுல இல்லீகளே. இதெல்லாம் பொதுச் சாவி. இந்தப் புள்ளி சாவி மலேசியாவுல இருக்கு." ஓடு ஒழுகினால்கூடவா திறக்கமாட்டார்கள் என்று கேட்டார். "ஒழுகத்தான் செய்யிது. என்ன செய்ய? ஒருத்தரு பூட்டுன பூட்ட இன்னொருத்தரு தொடமாட்டாக. கூடப்பொறந்த அண்ணன் தம்பியா இருந்தாலும் தொடமாட்டாக. அவுக வந்து தொறந்தாத்தான்." பிச்சைமுத்துவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கதை முழுக்க இந்தச் சட்டத்தின் மேல்தானே நடக்கிறது! வரிக்கு வரி தெரியும் என்றவருக்கு அது மட்டும் எப்படி விட்டுப்போயிற்று? சாவிக்கொத்தைப் பார்த்ததும் எல்லாக் கதவும் திறக்கும் என்று நம்பிவிட்டிருக்கிறார். சாவி. சாவி! குடை, மாம்பழம், சாவி. மூன்றாவது சொல் வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது, டாக்டரே, சாவி! அவர் கிட்டத்தட்டச் சத்தமாகவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தார். குடை வந்தது, மாம்பழம் வந்தது, சாவி வந்தது, கதவுக்குப் பின்னால் இருப்பவர் மட்டும் வரவில்லை. சிரிப்பு தானாக நின்றது. பந்தயம் தோற்றுவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது, வெறும் பயம், புத்தகத்தில் இல்லாத பயம். இப்படித்தான் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வரும்போல. கடைசியில் வளவில் வெயில் மட்டும் கிடக்கும்.

"செங்கமலம்" என்று கூப்பிட்டார். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். "உள்ள இருந்தது யாரு?" என்று கேட்டார். அவள் முகத்தில் முதலில் பழைய விளையாட்டுச் சிரிப்பு வந்தது, கை பாதிவரைக்கும் காதுக்குப் போனது. "என்னையக் கேட்டா? நாந்தான் காதப் பொத்திக்கிட்டேனே." அப்புறம் அவர் கண்ணைப் பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. "மறந்துபோச்சு" என்றார் அவர், "டாக்டர் தலைச்சுத்தல்னு சொல்லல." அவள் அழவில்லை, அதிரவில்லை, தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள், அவ்வளவுதான். "தெரியும்" என்றாள். "போன மாசம் நம்ம ஸ்டாப்பத் தாண்டிப் போயி எறங்குனீங்களே, முப்பது வருசம் விசில் அடிச்ச மனுசன். அன்னிக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பூசணிக்காய் சோற்றுக்குள் மறையவே இல்லை, அவள்தான் பார்க்காத மாதிரி பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள். வள்ளிக்கண்ணுவுக்கு என்ன புரிந்ததோ, மெல்ல, "கடைசி அத்தியாயந்தானே? நாஞ் சொல்லட்டுமா? வாரவுக எல்லாம் இந்தக் கதவுக்கிட்ட நின்னு சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்" என்றாள். சொல்லு என்று அவர் வாய் எடுத்தார். செங்கமலம் அவர் கையைப் பிடித்தாள். "இருங்க. இவுக கிட்டக் கேட்டா நாளைக்கு மறுபடி மறந்துபோவும், அதுக்காகத் தெனமும் இம்புட்டுத் தூரம் வரமுடியுமா? நான் கேட்டுக்கிறேன். நீங்க காதப் பொத்திக்கங்க. வீட்டுல வச்சு நான் ஒங்களுக்குச் சொல்றேன். என்னிக்குக் கேட்டாலும் சொல்றேன், எத்தன தடவ கேட்டாலும்." "ஒனக்குப் பயமாச்சே" என்றார். "பயந்தான்" என்றாள், "நீங்க பொத்துங்க."

பிச்சைமுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வீடு அமைதியானது, தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்துப் பஸ் மாதிரி இரைந்தது. வள்ளிக்கண்ணுவின் உதடு அசைய ஆரம்பித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, செங்கமலத்தின் முகத்தைத்தான் பார்த்தார். ஊர் படுத்துவிட்டது, அங்கே அவள் சும்மா நின்றாள். காதை வைக்கிறான், அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குரல் கேட்கிறது, அவள் உதடு பிரிந்தது. இப்போது தாழ் விலகுகிறது, அவள் கை தாலிக்கயிற்றுக்குப் போனது. இப்போது கதவு. அவள் கண் மெல்ல விரிந்தது, விரிந்துகொண்டே போனது, பூட்டியிருந்த அந்தக் கதவின் பக்கம் திரும்பியது, கல்யாணமான புதிதில் அவர் எந்த முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனதோ அந்த முகம், இத்தனை வருஷம் கழித்து, நரைத்த முடியோடு, பகல் வெளிச்சத்தில். பிச்சைமுத்துவுக்கு உச்சந்தலையிலிருந்து புல்லரித்தது. திருமயத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முதல் தடவை புத்தகத்தை மூடினானே, அந்தப் பையனின் அதே புல்லரிப்பு, குறையாமல். அவருக்கு முடிவு தெரியாது. உலகத்திலேயே அருமையான பேய்க்கதையின் முடிவு அவருக்கு இனிமேல்தான் தெரியவேண்டும். செங்கமலம் கிட்டே வந்து அவர் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் விரல் பனிக்கட்டியாக இருந்தது. "யாரு?" என்று கேட்டார். "வீட்டுல சொல்றேன்" என்றாள் அவள், கதவுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே ஒரு அடி எடுத்து வைத்து, "மொதல்ல என் கையப் புடிங்க."